அக்காவின் பாட்டில் காணாமற்போன வயலின்

அக்காவின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டது எங்கள் வீட்டில் யாருமில்லை. அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற மனிசிதான் கண்டவர். நத்தார்ப் பண்டிகைக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது, நாடாவைக் கழுத்தில் சுற்றியவர் அதை எடுத்துத் திரும்பவும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாராம். பிறகு, "பிள்ளை, போன முறையைவிட இஞ்ச கூடியிருக்கு. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டும்" என்றாராம். அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரிக்கும்போது கழுத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

சண்டை நின்றிருந்த காலம் அது. எங்கள் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் பஸ் ஒழுங்காக ஓடியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அக்காவைச் சோதித்த சத்திரசிகிச்சை டொக்டர், கட்டியை எடுத்துவிடுவதுதான் நல்லது, எடுத்துப் பரிசோதித்தால்தான் அது என்னமாதிரியான கட்டி என்று தெரியும் என்றார். அத்தான் ஏதேதோ கேட்டார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டொக்டர், பிறகு பாட ஏலுமோ?"

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்கள் பாடுறனீங்களோ?"

"கோயில்ல பாடுறனான்."

"குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்குக் கிட்டத்தான் போகுது. நாங்கள் கவனமாத்தான் செய்வம். கனபேருக்கு ஒரு பிரச்சினையும் வாறதில்லை. ஆனால் வராது எண்டு உங்களுக்கு நான் சத்தியம் பண்ண ஏலாது."

திரும்பி வரும்போது பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டும்வரை அவள் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ர கொம்பியூட்டரில பாட்டுப் பிடிக்கலாம் எண்டு சொன்னனீ. என்ர பாட்டைப் பிடிச்சு வை" என்றாள். ஏதோ கடையில் சாமான் வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

எனக்கு அப்போது ஊர்காவற்றுறையில் ஒரு சின்னக் கடை இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களுடன் ரெலிபோனில் கதைக்கவும், கடிதம் ரைப் செய்யவும், போட்டோப் பிரதி எடுக்கவும் சனம் வரும். யாழ்ப்பாணத்தில் நான் கொம்பியூட்டர் படித்த வகுப்பு மாஸ்டர் ஒரு இசைப் பைத்தியம். படிப்பு முடிந்த கையோடு, பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளை எனக்கு ஒரு சீடியில் தந்திருந்தார். அதோடு வயலின் சத்தம் தரும் ஒரு பிளக்-இன் இரண்டு சீடிகளில் வந்தது. ஒன்றில் அந்த வாத்தியம். மற்றதில் அதற்கு வேண்டிய சத்தங்கள். மென்பொருளை ஒரு மேடை என்று வைத்துக்கொண்டால், பிளக்-இன் என்பது வெளியிலிருந்து வந்து அந்த மேடையில் அமர்ந்து வாசிக்கும் கலைஞர். மேடை என்னுடையதாக இருக்கலாம். ஆள் வராவிட்டால் சத்தம் வராது. இது எனக்குப் பின்னாளில்தான் சரியாகப் பிடிபட்டது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கோயில் பாடகர் குழுவில் முன்னால் நிற்பவள். திருநாளோ செத்தவீடோ, அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். அவளாகவே மெட்டுக் கட்டிய மூன்று பாட்டுகள் இருந்தன: மாதாவுக்கு ஒன்று, மகனை நித்திரையாக்கப் பாடியது ஒன்று, அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பி வரச் சுணங்கிய ஒரு நாளில் வாயில் வந்தது ஒன்று. அந்த மூன்றையும்தான் பதிவு செய்வதென்று முடிவாயிற்று.

பாடுவதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டும். என் கடையில் ரெலிபோன் கதைக்கிறவர்களுக்கென்று பலகையும் கண்ணாடியுமாக அடித்த ஒரு கூடு இருந்தது. அத்தான் தன் வீட்டு மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து அதன் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மற்றப் பக்கங்களில் போர்வைகளைத் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை பூட்டியிருக்கும் மத்தியான நேரங்களில் அக்கா அதற்குள் போய் நின்று பாடினாள். வெளியே வரும்போது தலைமயிரெல்லாம் வேர்வையில் ஒட்டியிருக்கும். அத்தான் கடை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் வருகிற கோழிகளையும் தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும் கலைத்துக்கொண்டிருப்பார்.

வயலின் அக்காவின் ஆசை. எங்கள் கோயிலில் ஆர்மோனியமும் டோலக்கும்தான். ரேடியோவில் மட்டுமே வயலினைக் கேட்டு வளர்ந்தவள் அவள். "இந்த இடத்தில வயலின் இப்பிடி வரவேணும்" என்று ஒரு வரியை முனகுவாள். கோயிலிலிருந்து இரவல் வாங்கிய கீபோர்ட்டில் அதை நான் தேடிப் பிடிப்பேன். "இல்லை, அதில்லை. கொஞ்சம் இழுத்து விழவேணும்." திரும்பவும் முனகுவாள். இப்படி ஒரு வரிக்கு ஒரு மத்தியானம் போன நாளும் உண்டு. கணினி சேமித்து வைத்தது வயலின் சத்தத்தை அல்ல. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு பலமாக அழுத்தினேன் என்பதை மட்டும்தான். பாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிளக்-இன் வந்து அதை வயலினாக வாசித்துக் காட்டும். அக்கா பாடியது மட்டும் அவள் குரலாகவே பதிந்திருந்தது.

மூன்று பாட்டும் முடிந்த அடுத்த கிழமையே அவளை வார்ட்டில் சேர்த்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சீடியாக்க நேரம் கிடைக்கவில்லை. வந்து ஆறுதலாகச் செய்யலாம் என்று கடையைப் பூட்டிவிட்டு அவளோடு ஆஸ்பத்திரியில் நின்றேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். முடிவு வந்தபோது டொக்டர் அத்தானின் தோளில் தட்டி, "பயப்பிட ஒண்டுமில்லை. சாதாரணக் கட்டிதான்" என்றார். அத்தான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எத்தனையோ காற்றிலும் மழையிலும் வள்ளத்தோடு போய் வந்த மனிதர், ஒரு தாதி ஓடிவந்து தண்ணீர் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அக்கா கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

குரல் போயிருந்தது. பேசினால் கரகரவென்று ஒரு மூச்சு மட்டும் வந்தது. வீக்கம் வற்றினால் வரலாம், கிளினிக்குக்கு வரும்போது பார்க்கலாம், அதுவரை குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்குள் எனக்கு இன்னொரு தலையிடி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கடையைத் திறந்த முதல் நாளே மின்சாரம் ஒருமுறை கூடிக் குறைந்து, கணினி நின்றுவிட்டது. எத்தனை முறை போட்டாலும் நீலத் திரைதான் வந்தது. பெட்டியைச் சாரத் துணியால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். பண்ணைச் சோதனைச் சாவடியில் அதை அவிழ்த்துக் காட்டித் திரும்பச் சுற்றினேன். திருத்துகிறவர் நல்ல மனிதர். "விண்டோஸ் பழுதாப் போச்சு, தங்கச்சி. அதை அழிச்சுப் புதுசாப் போட்டுத்தான் ஆகவேணும். உங்கட வேலையள் ஹார்ட் டிஸ்க்கின்ர மற்றப் பாதியில கிடக்கு. அதில நான் கைவைக்க மாட்டன்" என்றார். சொன்னபடியே செய்தார். பாட்டுகள் இருந்த போல்டருக்குத் திரையிலேயே ஒரு குறுக்குவழியும் போட்டுத் தந்தார். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைக்குக் கொண்டுவந்து, மாஸ்டர் தந்த சீடியிலிருந்து பதிவு மென்பொருளைத் திரும்பப் போட்டேன். வயலின் சீடிகள் இரண்டையும் முன்பே அவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். அதைப் பற்றி அப்போது நான் நினைக்கவேயில்லை.

அக்கா அத்தானோடு கடைக்கு வந்தாள். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தாள். வந்ததும் கணினியைக் காட்டி, காதையும் காட்டினாள். பாட்டைப் போடு என்றாள்.

நான் மாதா பாட்டைத் திறந்தேன். பாதி திறக்கும்போதே ஒரு சிறிய பெட்டி குறுக்கே வந்து நின்றது. இந்தப் பாட்டில் இருந்த ஒரு வாத்தியத்தைக் காணவில்லை, அது இல்லாமல் திறக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அக்கா பக்கத்தில் நிற்கிறாள். ஓம் என்று அழுத்தினேன்.

அக்காவின் குரல் வந்தது. குரல் மட்டும்.

முன்னால் வயலின் வரவேண்டிய இடத்தில் ஒரு நீண்ட அமைதி. பிறகு வெறும் குரல். பாடுமுன் அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. மூச்செடுப்பது கேட்டது. தூரத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது. வரிக்கும் வரிக்கும் இடையில் மறுபடி அந்த அமைதி. ஆளில்லாத வீட்டுக்குள் நின்று ஒருத்தி தனியாகப் பாடுவதுபோல இருந்தது.

அக்கா முதல் சரணம் முடியும்வரை நின்றாள். பிறகு அழுதபடி என் கையிலிருந்த மவுஸைத் தட்டிவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். அத்தான் எழும்பி வந்தார்.

"அழிச்சுவிடு," என்றாள், அந்தக் காற்றுக் குரலில்.

"அக்கா, இது வயலின் சத்தம் மட்டும்தான் வரேல்லை. பிழை எங்கயோ இருக்கு, திருத்தலாம்."

"வேண்டாம். என்னால கேக்க ஏலாது. அழிச்சுவிடு."

அத்தான் அவளைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். அழிக்க வேண்டாம் என்பது அது. அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை.

பாட்டை மூடப்போனபோது, செய்த மாற்றத்தைச் சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. விரல் ஓம் என்பதற்குப் பக்கத்தில் போய்விட்டது. அந்த நேரம் ஏதோ ஒரு பயம் பிடித்தது. வயலின் இல்லாத பாட்டைச் சேமித்தால், வயலின் இருந்ததற்கான அடையாளமே போய்விடுமோ? அப்படியே விட்டுவிட்டு மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.

"சேவ் பண்ணிப்போட்டீரோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்லை, சேர்."

"நல்ல காலம். வேண்டாம் எண்டு குடும். பிறகு அந்தப் பாட்டு போல்டரை அப்பிடியே ஒரு கொப்பி எடும். இனிக் கொப்பியிலதான் கைவைக்க வேணும், விளங்குதோ? உம்மட கொம்பியூட்டரைப் புதுசாக்கேக்க பிளக்-இன் போயிட்டுது. வேறொண்டுமில்லை. நீர் வாசிச்சது எல்லாம் உள்ளுக்கு அப்பிடியே கிடக்கும்."

அது உண்மையா என்று பார்க்க, கொப்பியைத் திறந்து, வயலின் இருந்த இடத்தில் மென்பொருளோடு வந்த ஏதோ ஒரு சாதாரணச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். இருந்தது. அக்கா முனகி முனகி எனக்குத் தந்த ஒவ்வொரு வரியும் இருந்தது. ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. இழுத்து விழவேண்டிய இடங்களெல்லாம் டிங் டிங் என்று குதித்தன.

அடுத்த நாள் அக்கா, வீட்டில் இருக்க மனமில்லாமல், தானாகவே கடைப் பக்கம் வந்தாள். முகம் இறுகியிருந்தது. நான் கேட்காமலே அந்த டிங் டிங்கைப் போட்டுவிட்டேன். அவள் ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐஸ்கிறீம் வான் வருது," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். மாதா பாட்டு ஐஸ்கிறீம் வான்மாதிரிச் சந்துக்குச் சந்து நின்று மணியடித்துக்கொண்டு போனது. கழுத்தில் கையை வைத்து, "ஐயோ, நோகுது, நிப்பாட்டு" என்று கையைக் காட்டினாள். நிற்பாட்டினேன். அன்றைக்கு அவள் வீட்டுக்குத் திரும்பும்போது அழிக்கச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு மறுபடி பஸ் எடுத்தேன். மாஸ்டர் வகுப்பறை அலுமாரியை முழுக்கக் கிளறி ஒரு சீடியைத் தந்தார். மற்றது கிடைக்கவில்லை.

"இதுதான் வாத்தியம். சத்தங்கள் இருக்கிற மற்றச் சீடியை ஒரு பெடியன் கேட்டுக் கொண்டுபோனவன். அவன் இப்ப கொழும்பில. தேடிப் பாக்கிறன். ஆனால் நீர் அந்தச் சத்தங்களை ஹார்ட் டிஸ்க்கில எங்க போட்டனீர்?"

"D-யில, சேர். C-யில இடம் காணாது எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"அப்ப பயப்பிடாதேயும். விண்டோஸ் கிடந்த C-ஐத்தானே அழிச்சவை. உது உங்கதான் கிடக்கும்."

பண்ணைக் கடலில் கம்பு நட்டுக் கட்டிய களங்கட்டி வலைகளைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. அது கனநேரம் நிலைக்கவில்லை.

சீடியைப் போட்டு நிறுவினேன். எல்லாம் சரியாக முடிந்தது என்று கணினி சொன்னது. மென்பொருளைத் திறந்தேன். வாத்தியங்களின் வரிசையில் வயலினைக் காணவில்லை. அழித்துத் திரும்ப நிறுவினேன். காணவில்லை. கணினியை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். காணவில்லை. ரெலிபோன் கதைக்க வந்த ஒரு ஐயா, "என்ன பிள்ளை, கொம்பியூட்டரோட சண்டையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுபடி மாஸ்டருக்குப் போன். அவர் பொறுமையாகச் சொன்னார். பதிவு மென்பொருள் கணினி முழுக்கத் தேடாது. பிளக்-இன்களுக்கென்று ஒரு போல்டர் வைத்திருக்கும். அதற்குள் மட்டும்தான் பார்க்கும். வயலினோ தன்பாட்டில் வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். "பக்கத்து வீட்டில வந்து நிக்கிற ஆளை உங்கட வீட்டில தேடினாக் கிடைப்பாரோ?" என்றார். வயலின் இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் போல்டருக்கு மாற்றினேன். திரும்பத் தேடு என்று மென்பொருளுக்குச் சொன்னேன். அது ஒவ்வொன்றாகப் பெயர்களைக் காட்டிக்கொண்டு போனது. நடுவில் வயலின் என்று ஒரு பெயர் மின்னி மறைந்தது. எனக்கு எழும்பித் துள்ள வேண்டும்போல இருந்தது.

பாட்டைத் திறந்தேன். அந்தக் காணவில்லைப் பெட்டி வரவில்லை. வயலினின் சிறிய படம் வந்தது. போட்டேன். படத்துக்குக் கீழே இருந்த கட்டைகள் நான் அன்று அழுத்தியபடியே அழுந்தி எழும்பின.

சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன். அக்காவின் குரல் அதே ஸ்பீக்கரில் நன்றாகத்தான் வந்தது. அப்போது இன்னொரு பெட்டி வந்தது: D-யில் தட்டு இல்லை, தட்டைப் போடவும். அது எனக்கு மரணச் செய்திபோல இருந்தது. மாஸ்டரிடம் இல்லாத, கொழும்புக்குப் போய்விட்ட அந்த இரண்டாவது சீடியைத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். அப்படியென்றால் சத்தங்கள் என்னிடம் இல்லை. திருத்தியவர் கைவைக்க மாட்டேன் என்று சொன்னாலும், எப்படியோ போயிருக்கிறது.

அடுத்த நாளும் அதோடு மல்லுக்கட்டினேன். கையிலிருந்த சீடியையே போட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு சீடிகளைப் போட்டேன். இதில்லை, இதில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியைக் காட்டியது. அக்கா வந்து எனக்குப் பின்னால் கதிரையில் இருந்தாள். அவளுடைய மகளும் வந்து மடியில் ஏறினாள். நான் சீடியைத் தள்ளுவதும் எடுப்பதுமாக இருந்ததை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன கேக்குது?" என்றாள்.

"D-யில சீடி போடட்டாம். அந்தச் சீடி எங்களிட்ட இல்லை, அக்கா. மாஸ்டரிட்டயும் இல்லை."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு தோளில் தட்டினாள்.

"D எண்டால் சீடி போடுற இடமோ?"

"ஓம். அதுதானே கேக்குது."

"பிள்ளையளுக்கு நீ படம் போடேக்க E-ஐத்தானே திறக்கிறனீ? இவள் அந்த எழுத்தைக் காட்டிக் காட்டியெல்லோ கேக்கிறவள்."

மடியிலிருந்த பிள்ளை உடனே, "ஈ! ஈ! படம்!" என்றது.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். பிறகு கணினியைப் பார்த்தேன். கடை தொடங்கிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டது நான்தான். E-தான். எப்போதும் E-தான் சீடி. D என்பது என் வேலைகள் எல்லாம் கிடக்கும் பாதி.

கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். சீடிக்கு முன்னால் D என்று இருந்தது. E என்பதைத் திறந்தேன். என்னுடைய கடிதங்கள், கல்யாணப் படங்கள், பாட்டுகள், எல்லாவற்றுக்கும் கீழே வயலின் என்று நானே பெயர் வைத்த போல்டர். விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது இரண்டுக்கும் எழுத்து மாறிப்போயிருக்கிறது. பாட்டுகளுக்குத் திருத்தியவர் போட்டுத் தந்த குறுக்குவழியால் மட்டுமே போய்வந்ததில் நான் அதைக் காணவேயில்லை. வயலின் மட்டும், பாட்டுக்குள் குறித்து வைத்திருந்த பழைய இடத்திலேயே தன் சத்தங்களைத் தேடிப் போயிருக்கிறது. அங்கே இருந்ததோ வெறும் சீடித் தட்டு. அதனால்தான் தட்டைப் போடு, தட்டைப் போடு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வயலின் படத்தின் ஓரத்தில், சத்தங்கள் எங்கே என்று கேட்கும் ஒரு இடம் இருந்தது. D-ஐ அழித்துவிட்டு E என்று எழுதினேன். ஒரு கோடு இடமிருந்து வலமாக மெதுவாக நிறைந்தது. அக்கா எழுந்து வந்து என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டைப் போட்டேன்.

வயலின் வந்தது. இழுத்து விழவேண்டிய இடத்தில் இழுத்து விழுந்தது. பிறகு அக்காவின் குரல் அதற்கு மேல் ஏறி வந்தது. எச்சில் விழுங்கியது, மூச்செடுத்தது, சைக்கிள் மணி, எதுவும் இப்போது தனியாகக் கேட்கவில்லை. வரிகளுக்கு இடையில் அவள் முனகித் தந்த வயலின் வந்து அவளுக்குப் பதில் சொன்னது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். எனக்கு அவ்வளவு களைப்பு இருந்திருக்கிறது என்பது அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

இரண்டாம் சரணத்தில் அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் பயந்துபோனேன்.

"இதில நான் சுருதி இறங்கிப்போனன். கேக்குதோ?"

"இல்லை அக்கா, நல்லாத்தான் இருக்கு."

"உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது. இந்த இடம் திரும்பப் பாடவேணும்."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். என்ன சொன்னேன் என்று யோசிப்பதுபோல இருந்தாள். பிறகு கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, "குரல் வந்தாப் பிறகு" என்று சேர்த்தாள். அழித்துவிடு என்றவள்தான் இதைச் சொன்னாள். அத்தானுக்குச் சொல்வதற்காக நான் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்குதுறைப் பக்கம் ஓடினேன். அவர் வலையை விட்டுவிட்டு, மீன் மணக்கிற கையோடு வந்து மூன்று பாட்டையும் நின்றபடி கேட்டார். கேட்டு முடித்து, "இப்ப இதை உடன சீடியாக்கு. இனி ஒரு நாளும் பிந்தாதே" என்றார். அவர் சொன்னபடி, அந்த மூன்றையும் எந்தப் பிளக்-இன்னும் தேவைப்படாத சாதாரணப் பாட்டாக மாற்றிச் சீடிகளில் ஏற்றினேன். ஒன்று அவருக்கு, ஒன்று எங்கள் கோயில் சுவாமியாருக்கு, ஒன்று மாஸ்டருக்கு, ஒன்று என் அலுமாரிக்கு. நாலாவது முடிந்ததும் மின்சாரம் போனது. போகட்டும் என்று இருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் அவளுடைய தொண்டைக்குள் சிறிய கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "நரம்பு வேலை செய்யுது. வீக்கம்தான் இன்னும் போகேல்லை" என்றார். வீட்டில் ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டு ம் என்று முனகிப் பழகச் சொன்னார். அக்கா குசினியில் தேங்காய் துருவும்போதும் மீன் வெட்டும்போதும் முனகினாள். பிள்ளைகள் இரண்டும் கூடவே முனகின. வெளியே நின்று கேட்டால் வீட்டுக்குள் தேனீக்கூடு இருப்பதுபோல இருக்கும். முதலில் காற்று. பிறகு கரகரப்பு. பிறகு ஒரு நாள், காலைப் பூசையில், எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஒரு வரியை மெல்லச் சேர்ந்து பாடினாள். நான் பாடுவதை நிற்பாட்டிவிட்டேன். அவள் முழங்கையால் என்னை இடித்தாள், பாடு என்று.

பழைய உயரம் திரும்பவில்லை. மேலே போகும் இடங்களில் குரல் உடைந்தது. ஆனால் கீழே முன்பு இல்லாத ஒரு கனம் வந்திருந்தது. பாட்டைத் திரும்பப் பாட அவள் வந்தபோது, முதல் வரியிலேயே மூச்சு முட்டியது. கூட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். முகம் மாறத் தொடங்கியதைக் கண்டேன்.

"பொறுங்கோ," என்றேன்.

கணினி வைத்திருந்தது நான் அழுத்திய கட்டைகளை மட்டும்தானே. வயலின் வரிகள் அனைத்தையும் தெரிவு செய்து, இரண்டு கட்டை கீழே இறக்கினேன். உண்மையான வயலின்காரரைக் கூப்பிட்டுப் பதிந்திருந்தால் அவரைத் திரும்பக் கூப்பிடாமல் அது முடிந்திருக்காது. இது ஒரு நொடியில் முடிந்தது. வயலின் இப்போது இன்னும் ஆழமாக, கொஞ்சம் நிதானமானதுபோலக் கேட்டது.

அக்கா பாடினாள். முதல் சரணம், இரண்டாம் சரணம், சுருதி இறங்கிய அந்த இடம், எல்லாம் பாடினாள். நடுவில் ஒரு முறை இருமி நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினாள். முடித்துவிட்டு வெளியே வந்து, தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

"போடு, பாப்பம்."

போட்டேன். தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது பழைய குரல் இல்லை. அவளும் அது பழைய குரல் என்று நினைத்துக் கேட்கவில்லை. முடிந்ததும் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆம்பிளைக் குரல்மாதிரி இருக்கு," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனால் பிழையில்லை. மற்ற ரெண்டையும் இதுக்கேத்தமாதிரி இறக்கி வை. வாற ஞாயிறு பாடுறன்" என்று சொல்லிவிட்டு, வெய்யிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.